மலையைச் சுற்றும் வழியில்

திருவண்ணாமலையைச் சுற்றி வரும் வழி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நகரத்திலிருந்து பார்த்தால் மலையின் பின்புறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. அங்கே பழைய சிவாலயம் ஒன்றும், சற்றுத் தள்ளி மாணிக்கவாசகருக்கு ஒரு கோயிலும் உள்ளன. திருவெம்பாவை இங்கே பாடப்பெற்றது என்பர். பௌர்ணமி இரவுகளில் மக்கள் வெள்ளமாய் நகரும் அவ்வழியில், கூட்டமில்லாத ஒரு வைகறையில் நாம் நடந்தோம்.

"அங்கே நமக்கு என்ன வேலை, சாமி?" என்று பின்னர் பங்கு மக்களுள் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. நமக்கு முன் அங்குச் சென்ற இரு குருக்களின் வாழ்வை நினைத்துப் பார்ப்போம்.

1949 சனவரியில் அருள்தந்தை மோன்ஷனேனும், ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோவும் இரமண மகரிஷியைக் காண வந்தனர். பிரான்சு நாட்டவராகிய இவ்விருவரும் மறு ஆண்டு மார்ச் 21 அன்று, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினர். அடுத்த மாதம் 14 அன்று மகரிஷி மறைந்தார். பின்னர் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெ சோ, 1952 முதல் பலமுறை இம்மலைக் குகைகளில் மௌனத்தில் தங்கினார்.

நண்பர் இருவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. மூவொரு இறைவனை நம்பும் நம் விசுவாசத்தை அத்வைதம் கரைத்துவிடக்கூடும் என மோன்ஷனேன் தயங்கினார். லெ சோவோ அந்த ஆழத்துள் இறங்கினார். 1973-இல் இறக்கும்வரை இரு அனுபவங்களுக்கும் இடையே வேதனையோடு வாழ்ந்தார். ஆயினும் தம் குருத்துவத்தைத் துறக்கவில்லை. ஒருவரின் தயக்கமும் மற்றவரின் துணிவும் கிறிஸ்துவின்மீது கொண்ட அன்பினின்றே பிறந்தன. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தபோது, அவ்விரு மனநிலைகளுக்கும் இடம் இருந்தது.

எனவே அன்பருக்கு நாம் கூறிய விடை இதுவே: அங்கே நாம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளச் செல்லவில்லை, நம்மிடம் உள்ளதை நினைவுகூரச் சென்றோம். ஓரேபு மலையில் எலியா ஆண்டவரைப் புயலிலும் தீயிலும் காணவில்லை. மெல்லிய ஒலியிலேயே அறிந்தார். இயேசுவும் இரவெல்லாம் மலையில் தனித்திருந்து செபித்தார். நம் ஆலயங்களிலோ திருப்பலி முடிந்த மறுகணமே ஒலிபெருக்கி முழங்குகிறது. நற்கருணை உட்கொண்டபின் ஐந்து நிமிடம் அமைதியாய் அமர்ந்திருக்க நமக்கு இயலுமா? அயலார் மலை நமக்கு விடுக்கும் வினா அது. விடையை நம் பீடத்தின் முன்தான் தேட வேண்டும்.