உருண்டைக்கு ஒரு சாக்லேட் சட்டை

ஈஸ்டருக்கு முந்தைய நாள், விடியற்காலை 4 மணி. கௌதள்ளியில் ஒரு வீட்டு அடுப்படியில் மட்டும் விளக்கு எரிகிறது. தேங்காய்த் துருவலைச் சர்க்கரைப் பாகில் கிளறி உருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள் மருமகள். வெயில் ஏறுவதற்குள் சாக்லேட்டில் முக்கி எடுத்துவிட வேண்டும். கோகோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருகிவிடும்.

சாக்லேட் வெளிநாட்டுச் சரக்கல்ல. கர்நாடகத்தின் புத்தூரில் கேம்ப்கோ 1986இல் தொடங்கிய ஆலையில் தயாரானது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்குகிறாள். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட் இறுகிக் கட்டி தட்டிவிடும்.

அவளுடைய பயம் அதுவல்ல. மாமனார் இறந்து ஏழு மாதம்தான் ஆகிறது. துக்க வீட்டில் ஒரு வருஷம் பலகாரம் செய்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்ததோடு சரி. "பிள்ளைங்களுக்குத்தானே அத்தை" என்று நேற்று கேட்டதற்கு மாமியார் பதிலே சொல்லவில்லை.

இப்போது அவர் வாசலில் நிற்கிறார். மருமகள் கை அப்படியே நிற்கிறது. மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓர் உருண்டையை முள்கரண்டியால் எடுத்துச் சாக்லேட்டில் முக்குகிறார்.

"தவக்காலம் 40 நாளும் உங்க மாமா இனிப்பைத் தொடமாட்டாரு. ஈஸ்டர் அன்னைக்கு மொதல்ல கேக்குறது தேங்கா உருண்டையைத்தான்."

பொழுது விடியும்போது 30 உருண்டைகள் ஃபிரிட்ஜுக்குள் போகின்றன. நாளை பூசை முடிந்ததும் ஒன்று மாமனார் படத்துக்கு. பிள்ளைகளுக்குப் போக மீதி, துக்கத்தில் சோறு கொண்டுவந்து கொடுத்த வீடுகளுக்கு.