ஜூலையில் காயாத துணி

ஜூன் 20

கீழேயிருந்து மாற்றலாகி ஊட்டிக்கு வரும் குடும்பத்தில் நடை பழகும் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் போதும், லாரியிலிருந்து சாமான் இறங்கி முடிவதற்குள் அக்கம்பக்கத்துப் பட்டியல் தயாராகிவிடும்: ரூம் ஹீட்டர், ரப்பர் வெந்நீர்ப் பை, கம்பளிக் குல்லா, நீலகிரித் தைலம். எல்லாமே சூடு தருபவை, அல்லது சூடு தருவதாக நம்பப்படுபவை. இந்த ஊர் வளர்ந்ததே அந்த நினைப்பில்தான். வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் அறைக்கு அறை கணப்பு. அதில் எரிக்க விறகு போதாமல்தான் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை மரமும் வந்து, மலைப் புல்வெளிகளை விழுங்கின. அந்தப் பட்டியலோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சின்னப் பிள்ளை உள்ள மலை வீட்டில் காசையும் கவனத்தையும் சூட்டுக்குச் செலவிடுவதைவிட உலர்வுக்குச் செலவிடுவது மேல் என்பது என் கட்சி. தென்மேற்குச் சாரல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பருவம் மாற மாற இந்தக் கட்சி தாங்குகிறதா என்று எழுதிப் பார்க்கலாம்.

ஜூலை 8

முதலில் வெப்பமானியையே சாட்சிக்கு அழைக்கலாம். ஜனவரி இரவுகளில் ஊட்டியின் சராசரி ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். தாழ்வான புல்தரைகளில் பூஜ்யத்தைத் தொட்டு உறைபனி படியும். ஜூலை இரவோ பத்து, பதினொன்றுக்குக் கீழே போவது அபூர்வம். அப்படியானால் ஜனவரிதான் பிள்ளைக்கு மோசமான மாதம். ஆனால் கொடியைப் பாருங்கள். ஜனவரியில் பத்து மணிக்குப் போட்ட துணி மத்தியானம் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். வானம் வெளுத்து, பகல் இருபது டிகிரி வரை ஏறி, காற்றும் வறண்டிருக்கும். ஜூலையில் பகலுக்கும் இரவுக்கும் ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம், மேகம் ஜன்னல் வரை வந்து நிற்கும், திங்கட்கிழமை துவைத்தது வியாழக்கிழமையும் ஜில்லென்று கையில் ஒட்டும். நடை பழகும் பிள்ளை அதற்குள் எத்தனை கால்சட்டையை நனைத்திருக்கும்! தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். எட்டு டிகிரியில் உலர்ந்த உடுப்போடு ஓடும் பிள்ளையைவிட, பதினாறு டிகிரியில் இடுப்புப் பக்கம் ஈரத்தோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதிகச் சூட்டை இழக்கக்கூடும். பெரியவர்களோடு ஒப்பிட்டால் அதன் எடைக்குத் தோல் பரப்பு அதிகம். “நனைஞ்சிருச்சு” என்று சொல்லவும் அதற்கு இன்னும் தெரியாது.

இந்த இடத்தில் பாட்டிமார் எழுந்து நிற்பார்கள்: “அப்போ சளி எப்படிப் பிடிக்குது? குளிர்லதானே?” சளி குளிரில் பிறப்பதில்லை, வைரஸால் வருகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்து, ஒரே அறையில் எல்லோரும் அடைந்து கிடக்கும்போது அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுலபமாகத் தாவுகிறது. அடைத்த அறையில் சுவர் மூலையும் அலமாரிப் பின்புறமும் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுத்தொல்லையும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஒரு தனி வழிகாட்டு நூலாகவே வெளியிட்டது. பாட்டிமார் சொல்வதில் ஒன்று மட்டும் சரி: குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த பச்சைக் குழந்தைக்குச் சூடுதான் முதல் மருந்து. நான் பேசுவது வீட்டையே மிதித்து வலம் வரும் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி.

ஜூலை 19

சரி, உலர்வுக்கு எதை வாங்குவது? பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் விசேஷம். மலை வீட்டில் நான் முதலிடம் தருவது பழைய வேட்டிக்கு. துவைத்துத் துவைத்து நைந்த நாலு முழத்தை இரண்டாகக் கிழித்து, எட்டு மடிப்பாக மடித்துக் கட்டினால் கடையில் விற்கும் துணி டயப்பர் அளவுக்கு ஈரம் குடிக்கும். வித்தியாசம் கொடியில் தெரியும். வேட்டியைப் பிரித்துப் போட்டால் ஒற்றை இழைப் படலம். இருபுறமும் காற்றுப் படும், மழை நாளிலும் ஒரு இரவில் காயும். கடைச் சரக்கிலோ அடுக்குகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடு அடுக்கில் ஈரம் அப்படியே நிற்கும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை சொல்லிவிடும். சென்னை வெயிலுக்கு அது நல்ல பொருள், ஊட்டி ஜூலைக்கு உதவாது. இதே கணக்கில்தான் தடித்த டர்க்கி டவலைவிட மெல்லிய ஈரோட்டுத் துண்டு இங்கே உயர்ந்தது.

ஸ்வெட்டர் விஷயத்தில் என் தீர்ப்பு சிலருக்குப் பிடிக்காது. சுத்தக் கம்பளி உயர்ந்ததுதான். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் ஈரமாகத் தோன்றாது. ஆனால் அப்படி உள்வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அதற்கு வெயில் வேண்டும். தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள திபெத்தியர் மார்க்கெட்டில் தொங்கும் விலை மலிந்த அக்ரிலிக் ஸ்வெட்டர் ஈரத்தையே அதிகம் ஏற்காது, உதறிப் போட்டால் சீக்கிரம் காயும். உள்ளே பருத்திச் சட்டை, மேலே இந்த அக்ரிலிக் என்று தினம் மாற்றுவது, துவைக்கவே முடியாத ஒரு விலையுயர்ந்த கம்பளிக்குள் பிள்ளையைப் பூட்டி வைப்பதைவிட எவ்வளவோ நல்லது. அடுப்பருகே மட்டும் விடாதீர்கள். அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தரைக்கு இப்போது எல்லோரும் வாங்குவது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வண்ண வண்ண ஃபோம் விரிப்பு. பிள்ளை விழுந்தால் அடிபடாது, உண்மைதான். நாலு நாள் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் சிமெண்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே வேர்த்துக் கொட்டியிருக்கும். கோரைப்பாய்க்கு இந்தச் சங்கடமில்லை. காலையில் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினால் தரையும் மூச்சு விடும், பாயும் மூச்சு விடும். ஃபோம்தான் வேண்டும் என்பவர்கள் அதையும் பாய் மாதிரி தினம் தூக்கி நிறுத்த வேண்டும்.

ஆகஸ்ட் 8

2019இல் இதே நாளில் பதிவான கணக்குப்படி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. ஊட்டி நகரத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 120 செ.மீ.தான். அவலாஞ்சிக்கும் ஊட்டிக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. மலையில் ஈரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குன்னூர்க்காரர்கள் இந்தக் குறிப்பை ஜூலைக்குப் பதில் அக்டோபர், நவம்பர் என்று மாற்றி வாசிக்கலாம்; அவர்களை நனைப்பது வடகிழக்குப் பருவம்.

ஹீட்டரைப் பற்றி நேராகவே பேசிவிடலாம். “அறையைச் சூடாக்கினால் ஈரமும் போகும்தானே?” என்பது எனக்கு எதிரான வாதங்களில் வலுவானது. பாதி சரி. கம்பி ஹீட்டரோ எண்ணெய் ஹீட்டரோ காற்றைச் சூடாக்கும்; சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும்; துணியும் காயும். ஆனால் அந்த நீராவி எங்கே போகும்? கதவும் ஜன்னலும் அடைத்திருந்தால் அறைக்குள்ளேயே சுற்றி, நள்ளிரவில் ஹீட்டரை அணைத்ததும் குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் வேர்வையாக இறங்கும். விடிந்ததும் ஜன்னல் கட்டையில் தேங்கி நிற்கும் தண்ணீர் நேற்று அந்தத் துணியில் இருந்ததுதான். வாயு ஹீட்டர் இன்னும் வேடிக்கை: ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். உலர்த்துவதற்காகக் கொளுத்தி அறைக்குள் தண்ணீர் தெளிப்பது போலத்தான் இது. கரியடுப்பு வேடிக்கையே இல்லை. அடைத்த அறையில் கனலும் கரி, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கக்கும், தூக்கத்திலேயே கொல்லும். ஹீட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் ஹீட்டரை, பிள்ளை கைபடாமல், குளிக்க வைக்கும் நேரத்துக்கு அரைமணி போட்டு, பிறகு ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள் என்கிறேன். திறப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

டயப்பர் கட்சிக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். துணியே வேண்டாம், கழற்றி எறியும் டயப்பர் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்பார்கள். இரவுக்கு ஒன்று கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; பிள்ளையும் தூங்கும், பெற்றவர்களும் தூங்குவார்கள். பகல் முழுக்க என்றால்தான் இடிக்கிறது. நாடு விழித்துக்கொள்ளும் முன்பே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட மாவட்டம் இது. 2019இல் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை வந்தது. தடைப் பட்டியலில் டயப்பர் இல்லை, ஆனால் அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். எறிந்ததைக் குரங்கும் கரடியும் கிளறும் ஊரில், எறிவதற்கு இடம் எங்கே?

டிசம்பர் 29

உறைபனி. காலையில் குதிரைப் பந்தய மைதானம் வெள்ளையாகக் கிடக்கிறது, புகைப்படக்காரர்கள் கூட்டம். என் வாதத்துக்கு இதுவே சோதனைக் காலம்: பூஜ்யத்திலும் சூடு வேண்டாம் என்பாயா? வேண்டும். விடியற்காலையில் குல்லா, காலுறை, இரட்டைச் சட்டை, பக்கத்தில் பெற்றவர் உடம்பு, எல்லாம் வேண்டும். ஆனால் ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் அத்தனையையும் கழற்ற வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். மூன்று அடுக்கோடு வெயிலில் ஓடும் பிள்ளை உள்ளுக்குள் வேர்க்கும், நாலு மணிக்கு நிழல் விழுந்ததும் அந்த வேர்வையே ஈரத்துணியாகும். முதுகில் சட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஒரு அடுக்கு அதிகம் என்று அர்த்தம். கை கால் ஜில்லென்றிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம்.

சூட்டுக்கு நான் முழு மனதோடு ஓட்டுப் போடும் ஒரே இடம் சமையலறை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வழக்கமான நேரம் கொதித்தும் பருப்பு நறுக்நறுக்கென்று நிற்கும். பல் முளைக்கும் பிள்ளை துப்பிவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் இங்கே பருப்புச் சாதம் எளிதில் குழையாது. கீழே போடும் விசிலோடு இரண்டு கூட்டிப் போட வேண்டும். குடிதண்ணீரையும் தளதளவென்று கொதித்த பிறகு மூன்று நிமிடம் விட்டு இறக்குவது இந்த உயரத்துக்கு ஏற்ற கணக்கு.

ஏப்ரல் 27

சீசன். 2024இல் இதே வாரத்தில் ஊட்டி 29 டிகிரியைத் தொட்டது. அந்த வாரம் கம்பளியைத் தேடியவர் யாருமில்லை. ஆனாலும் வந்து போகிறவர்கள் பையில் நீலகிரித் தைல பாட்டில் தவறாமல் ஏறுகிறது, ஊரில் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கென்றே வாங்குகிறவர்களும் உண்டு. பெரியவர் கால்வலிக்குத் தேய்க்கட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவ வேண்டாம். ஒரு டீஸ்பூன் அளவு வயிற்றுக்குள் போனாலே வலிப்பும் மயக்கமும் வரலாம். சூடு என்ற பெயரில் விற்பதில் ஆபத்தானது இதுதான், எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

மே 11

கடைசி ஆட்சேபம் எனக்கே உறுத்துவது. வேட்டி, பாய், ஜன்னல் என்று பேசுவதெல்லாம் ஜன்னலும் திண்ணையும் உள்ள வீட்டுக்குத்தானே? எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒழுகும் தகரம், நனைந்த விறகு. அம்மா காலையில் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். அங்கே கொடி கட்ட இருப்பது அடுப்புக்கு மேலேதான். புகை வாசத்தோடு காய்ந்தால் அதுவே லாபம். நியாயமான ஆட்சேபம். ஆனால் அது என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை. யார் செய்ய வேண்டிய வேலை என்பதைத்தான் மாற்றுகிறது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால், அல்லது அவர்களுக்கு இருபது பிள்ளைகள் இருந்தால், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களுக்கு விதித்தது. வீடு கட்டிக்கொடுக்கவும் விதித்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்கு வேலை தர அரசே தேயிலைத் தோட்டம் போட்டு, 1976இல் அதை டான்டீ என்ற நிறுவனமாக்கியது. காப்பகத்துக்கு அறை, ஆயா, பால் என்று எல்லாம் யோசித்தவர்கள் துணி காய இடம் யோசித்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் உலர்த்தும் கலையில் தேயிலைத் தோட்டத்தை மிஞ்ச யாருமில்லை. கொழுந்தில் எடைக்கு முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும் தொட்டியில் விசிறிக் காற்று, பிறகு டிரையரில் சுடுகாற்று என்று இறக்கி இறக்கி மூன்று சதவீதம் ஈரத்துக்குக் கொண்டுவந்துதான் தூளைச் சாக்கில் அடைக்கிறார்கள். ஈரம் அதற்கு மேல் ஏறினால் சரக்கு கெட்டுவிடும் என்பது அங்குள்ள ஒவ்வொரு மேஸ்திரிக்கும் தெரியும். கோத்தகிரிப் பக்கம் கார்னேஷன் பூவுக்குப் பாலித்தீன் பசுமைக்குடில் போட்டிருக்கிறார்கள். அதே மாதிரி ஒன்றைச் சின்னதாக, இருபுறமும் காற்று போக வழி வைத்து, ஒவ்வொரு லைனுக்கும் காப்பகத்துக்கும் பக்கத்தில் போட்டு உள்ளே நாலு கொடி கட்டினால் போதும். மேகமூட்டத்திலும் உள்ளே வெளியைவிடக் கதகதப்பாக இருக்கும். தோட்ட நிர்வாகங்களும் டான்டீயும் ஊராட்சிகளும் அடுத்த ஜூனுக்குள் இதைச் செய்ய வேண்டும். பெரிய செலவில்லை.