காத்திருக்கும் கணிப்பொறிகள்

வேகம் வேண்டுமா, மின்சாரம் மிச்சமாக வேண்டுமா? ஒன்றைப் பிடித்தால் மற்றொன்றை விட வேண்டியதுதான். இரண்டும் கீரியும் பாம்பும் போல என்று பலரும் சொல்வார்கள். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த ஒரு காரியம் இந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கிறது.

அங்குள்ள பல்கலைக்கழகம் பிரிட்டன் விஞ்ஞானிகளுக்காக நடத்திய தேசிய மீக்கணிப்பொறியின் பெயர் ‘ஆர்ச்சர் 2’. அதில் 5,860 கணிப்பொறிகளை ஒன்றாகக் கோத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 128 கோர்கள். கோர் என்பது தனியே கணக்குப் போடக்கூடிய ஒரு மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஏழரை லட்சம் மூளைகள்! ஒரு பெரிய கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டு அவை ஒரே நேரத்தில் உழைக்கும். எரிசக்தி விலை ஐரோப்பாவையே ஆட்டிவைத்த அந்தக் குளிர்காலத்தில், நிலையத்தார் கோர்களின் வழக்கமான துடிப்பை 2 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தார்கள். அதற்கு முன் அவை 2.25 கிகாஹெர்ட்சிலும் அதற்கு மேலும் ஓடிக்கொண்டிருந்தன. அதே ஆண்டில் முன்னதாகச் செய்திருந்த இன்னொரு மாற்றத்தையும் சேர்த்து, சராசரி மின்தேவை 3,220 கிலோவாட்டிலிருந்து 2,530 கிலோவாட்டுக்கு இறங்கிற்று. மிச்சமான மின்சாரத்தில் நம் ஊர் ஐந்து குதிரைத்திறன் பம்புசெட்டுகள் 180-ஐ ஒரே நேரத்தில் ஓட்டலாம்!

இதன் அடிப்படை நாம் மேனிலைப் பள்ளியிலேயே படித்ததுதான். கோருக்குள் இருக்கும் எண்ணற்ற டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் சின்னஞ்சிறு மின்தேக்கிகளை நிரப்பிக் காலி செய்கின்றன. மின்தேக்கியில் தேங்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். துடிப்பைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் கூடவே குறைக்கலாம். ஆகவே மின்செலவு ஏறக்குறைய மும்மடி விகிதத்தில் இறங்குகிறது. 0.8-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.512 வரும். வேகத்தில் இருபது சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் பாதி மின்சாரம் கையில் நிற்கிறது! அந்தப் பாதியைக் கொண்டு இன்னொரு கோரையும் அதே நிதானத்தில் ஓட்டினால், ஒன்றின் செலவில் 1.6 பங்கு வேலை நடக்கும். (மின்னழுத்தத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது; சும்மா இருக்கும்போதும் மின்னோட்டம் கசியும். எனவே நடைமுறையில் கணக்கு இத்தனை அழகாக வருவதில்லை.) 2004-ஐ ஒட்டித் தயாரிப்பாளர்கள் ஒற்றைக் கோரை மேலும் மேலும் விரட்டுவதைக் கைவிட்டுப் பல கோர்களுக்குத் திரும்பியதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் என்னை வியக்க வைத்தது வேறொன்று. துடிப்பைக் குறைத்தபோது, பல நிரல்களின் வேகம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஏன்? அவற்றில் கோர் கணக்குப் போடும் நேரத்தைவிட, நினைவகத்திலிருந்து எண் வந்து சேரக் காத்திருக்கும் நேரம் அதிகம். கொத்தனாரின் கை எவ்வளவு விரைவாக ஓடினால் என்ன? செங்கல் சுமப்பவர் சாரம் ஏறி வரவேண்டாமா? காத்திருப்பவரை அவசரமாகக் காத்திருக்கச் சொல்வதற்கல்லவா அத்தனை மின்சாரமும் செலவாகியிருக்கிறது!

நினைவகத்துக்காக மட்டுமன்று, தம் தோழர்களுக்காகவும் கோர்கள் காத்திருக்கின்றன. இதை நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில், நான்கு கோர்கள் உள்ள ஒரு கணிப்பொறியில் நானே பார்த்தேன். ஒரு கோடி வரையுள்ள பகா எண்களை எண்ண வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்கும் பழைய முறைதான். காத்திருப்பைக் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே இருபத்தைந்து லட்சம் வீதம் நான்கு சம பங்காகப் பிரித்தேன். நான்கு கோர் என்றால் நான்கு மடங்கு வேகமா? மூன்று மடங்குகூட வரவில்லை. எண் பெரிதானால் வகுத்தலும் அதிகம். முதற்பங்கை முடித்த கோர், கடைசிப் பங்கு முடியும்வரை பாதி நேரத்துக்கு மேல் கைகட்டி நின்றது. பிறகு அதே கணக்கைப் பத்தாயிரம் பத்தாயிரமாக நறுக்கி, கை காலியான கோர் அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். நேரம் ஏறக்குறைய கால் பங்காயிற்று.

என் தாயார் நடவு வேலைக்குப் போகிறவர். இதை வீட்டில் சொன்னபோது அவருக்கு அதிசயமாகவே படவில்லை. “மொத்தக் கூலிக்கு நடவு எடுத்தா, தன் பங்கை முடிச்சவ வரப்புல போயா உக்காருவா? பக்கத்துக்காரி பங்குல இறங்கிடுவா. எல்லாரும் முடிச்சாத்தானே தம்பி கரையேறலாம்?” என்றார்.

பெரிய கணிப்பொறிகளில் எல்லா வேலையையும் இப்படிக் கைமாற்ற முடியாது. வானிலைக் கணக்கில் ஒவ்வொன்றும் வானத்தின் ஒரு துண்டைத் தன்னிடம் வைத்திருக்கிறது. மழைமேகம் உள்ள துண்டுக்கு வேலை கூடுதல். துண்டை இடம் மாற்றுவதற்கே நேரம் ஆகும். எல்லாம் வந்து சேர்ந்தால்தான் அடுத்த கட்டம். முந்தி முடித்தது பெரும்பாலும் தூங்குவதும் இல்லை. ‘செய்தி வந்ததா, வந்ததா’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே மின்சாரத்தைத் தின்கிறது. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி, முந்தி முடிக்கக்கூடியதை மெதுவாக ஓடவிடுவது. கடைசியாக வருவதோடு சேர்ந்து வந்தால் போதும். அப்படி மிச்சமாகும் மின்சாரத்தைப் பின்தங்கியதற்குக் கொடுக்கலாம். “மெதுவா நடுன்னு எந்த மகராசன் சொல்லுவான்?” என்று அம்மா சிரித்தார்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் பிறந்த சில்லுகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் இத்தனை வாட் என்று ஒரே உச்சவரம்பு கட்டினால் ஒன்று விரைகிறது, ஒன்று திணறுகிறது. சமமாக அளந்து கொடுப்பதே சிலவற்றைப் பின்தங்க வைக்கிறது.

எடின்பரோவில் இதற்கு இடம் வைத்திருந்தார்கள். பத்து சதவீதத்துக்கு மேல் மெதுவாகிவிடும் என்று கண்ட நிரல்களுக்குப் பழைய வேகமே கிடைத்தது. மற்றவர்களும் வேண்டுமானால் கேட்டுப் பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும், பொதுவாக இத்தகைய நிலையங்களில் மின்கட்டணம் நிலையத்துக்கு, தாமதம் விஞ்ஞானிக்கு. பங்கீடு மணிக்கணக்கில் இருக்கும்வரை யார் தாமாக முன்வந்து வேகத்தைக் குறைப்பார்கள்? மணிக்குப் பதிலாக யூனிட்டைக் கணக்கிட்டு ஒதுக்கினால், எங்கே காத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தாமே தேடிப் பார்ப்பார்கள் என்பது என் கருத்து.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒரு வாட்மீட்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதே பகா எண்களைத் துடிப்பைக் கூட்டியும் குறைத்தும் எண்ணிப் பார்க்கப் போகிறேன். அது நினைவகத்துக்காக அதிகம் காத்திராத கணக்கு. துடிப்பைக் குறைத்தால் நேரம் கூடியே தீரும். யூனிட் குறைகிறதா என்பதே கேள்வி. வியாழக்கிழமை பிற்பகலில் கூடம் காலியாக இருக்கிறது. மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒருவர் தேவை. விருப்பமுள்ள நண்பர்கள் வரலாம்.