கடற்கரைப் பயணியின் பாய்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என வரலாற்றில் இடம்பெற்ற ஊர்கள் இவ்வழியில் அமைந்துள்ளன. கோடை விடுமுறையில் தோளில் ஒரு பையுடன் இக்கரையோரம் நடக்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் வினவுவது வழியை அன்று. இரவில் எதன்மீது படுப்பது என்பதையே.

கடைகளில் விற்கும் பஞ்சடைத்த உறங்குபைகள் மலைக்குளிருக்கென உருவானவை. சித்திரை மாதத்தில் நம் கரையில் இரவிலும் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கு உடலின் சூட்டைக் காக்க வேண்டியதில்லை, வெளியேற்றவே வேண்டும். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ரப்பர் மெத்தையும் காற்றடைத்த மெத்தையும் முதுகின் அடியில் காற்றைத் தடுத்துவிடுகின்றன. நைலான் பாய் எடை குறைந்தது, மழையில் நனைந்தாலும் கெடாது என்பது உண்மையே. ஆயினும் வியர்வையை அது உறிஞ்சுவதில்லை. நள்ளிரவில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

கோரைப்பாய் அவ்வாறன்று. கோரைத்தண்டு ஈரத்தை உறிஞ்சும். இழைகளின் இடையே காற்றும் புகும். இக்கலையில் பெயர் பெற்ற பத்தமடை, திருநெல்வேலிக்கு மேற்கே தாமிரபரணிப் பாசனப் பகுதியில் உள்ளது. அங்கு நம் சமுதாயப் பெண்மணிகளே பெரும்பாலும் பாய் நெய்கின்றனர். கோரையைக் கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் மெல்லிய இழைகளாகப் பிளந்து, நூற்பாவில் ஒவ்வொன்றாகச் செருகுவர். நயமான பட்டுப்பாயைத் துணிபோல் மடித்துப் பையில் வைத்துவிடலாம். அதை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆவதால் விலையும் அதிகம். மணலில் விரிக்க அதை வாங்குவது வீண். பயணத்திற்கு நடுத்தர ரகமே போதும். ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இருந்தால் ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற தொழிலாயினும் நைலான் பாயின் மலிவு விலைக்கு முன் அது தடுமாறுகிறது. நாம் வாங்கும் ஒவ்வொரு பாயும் ஒரு வீட்டின் அடுப்புக்கு உதவும்.

போர்வைக்குத் தனியே செலவு வேண்டாம். மூட்டிய பருத்திச் சாரம் ஒன்றே போதும். கழுத்துவரை இழுத்துக்கொண்டால் அதுவே உறங்குபை. காலையில் குளித்து உடுத்தவும் ஆகும். சுபுஹுக்கு முன் விழும் பனிக்கு இது அவசியம். கழிமுகத்தருகிலும் உப்பளத்தருகிலும் கொசுக்கடி உண்டாதலால் மெல்லிய கொசுவலையும் இருக்கட்டும். அதற்கு எடை அதிகமில்லை.

முத்துக்குளிப்பும் இதே வெயிற்காலத் தொழில்தான். கடல் அமைதியாயிருக்கும் பங்குனி, சித்திரையே அதன் பருவம். கரையில் ஓலைக்குடிசைகளால் ஒரு தற்காலிக ஊரே எழும். கீழக்கரையிலிருந்து நம்மவரும் இக்கரைப் பரதவரும் அங்கு கூடுவர். நள்ளிரவுக்குப்பின் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பாய்விரித்துத் தோணிகள் புறப்படும். பகலில் கடற்காற்றுடன் திரும்பும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த குளிப்புக்குப்பின் அந்தக் கூட்டம் மீண்டும் கூடவில்லை. சங்குகுளிப்போர் மட்டும் இன்றும் உள்ளனர்.

அக்காற்றின் போக்கைப் பயணியும் அறிந்திருத்தல் நலம். முன்னிரவில் கடற்காற்று முகத்தில் படுமாறு பாயை விரிக்கலாம். பின்னிரவில் காற்றுத் திரும்பும். ஆனி, ஆடியில் மேல்காற்று மணலை வாரி இறைக்கும் என்பதால் அப்போது திறந்த வெளியில் படுப்பது இயலாது. தோணி இறக்கும் வழியிலும் வலை காயும் இடத்திலும் படுக்கலாகாது. விடியுமுன் தொழிலுக்குச் செல்வோருக்கு அது இடையூறு. ஊராரிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் படுப்பதே முறை.

காலையில் பாயை உடனே சுருட்ட வேண்டாம். மணலை உதறி, பனியீரம் உலரும்வரை நிழலில் விரித்து வைக்கவும். ஈரத்தோடு சுருட்டிய கோரை இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும்.