ஊருக்கு அனுப்பும் படமாலை

பிழைப்பின் பொருட்டுத் தலைநகரில் குடியேறிய நம் இல்லங்களில் புகைப்படங்களுக்குக் குறைவில்லை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இசை கூட்டி, வீடியோவாக்கி ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. கோப்பதில் காட்டும் அக்கறையை வடிவத்தைத் தேர்வதிலும் காட்டுதல் வேண்டும். வடிவம் பொருந்தாவிடில் படமாலை ஊர்போய்ச் சேர்ந்தும் கண்ணுக்கு எட்டாது.

என் அன்னை 1968இல் மணமாகித் தில்லிக்கு வந்தவர். அவர் மறைந்து ஓராண்டு நிறைந்தபோது, என் மகனும் மகளும் அவருடைய படங்கள் 120 திரட்டி, படத்திற்கு 5 வினாடியாக 10 நிமிடப் படமாலை ஒன்று அமைத்தனர். அம்பாசமுத்திரத்திலுள்ள என் பெரியம்மாவுக்கு வயது 84, பயணம் இயலாது. தங்கையின் தில்லி வாழ்க்கையை அவர் நேரில் கண்டதே இல்லை. அவர் காணவேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

"எச்.265 முறையில் அமைத்தால் கோப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும், அப்பா" என்றான் மகன். அவன் கூற்று மெய்யே. 2013இல் வெளிவந்த அம்முறை, 2003இல் வந்த எச்.264ஐவிடச் சிக்கனமானது. ஆயினும் பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சி 2012இல் வாங்கியது. தனக்குப் பின் பிறந்த முறையை அது எங்ஙனம் அறியும்?

எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்பன பாத்திரங்களின் பெயர்கள், எச்.264, எச்.265 என்பன உள்ளிருக்கும் பண்டத்தின் பக்குவங்கள். பாத்திரம் திறந்தாலும் பக்குவம் ஒவ்வாவிடில் ஒலி மட்டும் கேட்டு, படம் தோன்றாது போவதுண்டு. எம்.பி.4 பாத்திரத்தில் எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் இட்டால் பெரும்பாலான கருவிகள் ஏற்கும். இரண்டு இரவு ரயிலுக்குக் கட்டுச்சோறு கட்டுவோர் புளியோதரையைத் தேர்வது, அது வழியில் கெடாது என்பதால் அன்றோ!

நொடிக்கு 4 மெகாபிட் வீதம் 10 நிமிடத்திற்கு 300 மெகாபைட் ஆயிற்று. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பின் அது மேலும் சுருக்கப்படும். கூட்டப் படத்திலுள்ள சிறு முகங்கள் மங்கிவிடும். ஆவணமாக அனுப்பின் உள்ளவாறே சேரும். நாங்கள் பென்டிரைவில் இட்டு, ஊர் சென்ற நண்பரிடம் கொடுத்தனுப்பினோம். பழைய படங்களை அகன்ற திரை முழுதும் நிரப்பினால் தலைகள் வெட்டுண்ணும் ஆதலின், இருபுறமும் கறுப்பு இடம் விட்டோம்.

குதுப்மினார் அருகே அன்னை நிற்கும் படம் வந்ததும், பெரியம்மா "நிறுத்து" என்று பேரனிடம் சொல்லித் திரையருகே சென்றாராம். கரையை உற்றுப் பார்த்து, "இந்தப் புடைவை நான் எடுத்துக் கொடுத்தது" என்றாராம். படம் மங்கியிருப்பின் அக்கரை அவருக்குத் தெரிந்திராது.

அன்பர்களுக்கு இன்னும் ஒன்று கூறுவேன். 1920க்கு 1080 என்னும் அளவுள்ள வீடியோவில் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகளே உண்டு. சுருங்கியதை மீண்டும் விரிக்க இயலாது. ஆகவே மூலப் படங்களைத் தனியே, இரண்டு இடங்களில் காத்து வையுங்கள். படமாலை காண்பதற்கு, மூலம் காப்பதற்கு. அனுப்புமுன், "அங்கே எதில் பார்ப்பீர்கள்?" என்று தொலைபேசியில் ஒரு சொல் கேளுங்கள். வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியது அந்த விடையே.