வேட்டை முடிந்த நாய்கள்

ஸ்பெயினில் கால்கோ என்றொரு நாய் ஜாதி உண்டு. முயல் வேட்டைக்கானது. பிப்ரவரி வாக்கில் பருவம் முடிந்ததும், ஓட்டம் குறைந்தவற்றைச் சாலையோரம் விட்டுவிடுகிறார்கள். சில வேளை மரத்தில் தொங்கவிடுகிறார்கள். பிழைத்தவற்றைச் சிலர் தேற்றி ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் அனுப்புகிறார்கள். அங்கே முன்பின் தெரியாத ஒரு குடும்பம் காத்திருக்கிறது. 2023இல் அந்நாடு பிராணி நலச் சட்டம் கொண்டுவந்தபோது வேட்டை நாய்களை வெளியே நிறுத்திற்று. வேலை செய்கிற நாய்க்குத்தான் பாதுகாப்பு கிடையாது என்பதில் ஏதோ ஒரு தர்க்கம் இருக்க வேண்டும்.

இதைக் கேட்டு மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு உச்சுக்கொட்டுவது சுலபம். பிராணி நலத்தில் நமக்குப் பூர்வீகப் பெருமை வேறு இருக்கிறது. ருக்மிணி தேவி ராஜ்ய சபாவில் விடாமல் வற்புறுத்தியதன் விளைவு 1960ஆம் வருஷத்துச் சட்டம். கேப்டன் சுந்தரம் 1959இல் புளூ கிராஸைத் தொடங்கியது தி. நகரில்.

நம்மிடமும் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் உண்டு. 1972இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அவற்றுக்கு வேட்டை என்ற ஜோலி இல்லை. 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை கிடைத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் காளைக்காகக் கூடிய கூட்டம் கலைந்த கையோடு, நாட்டு நாய் மோகம் அடுக்குமாடிகளுக்குள் புகுந்தது.

தி. நகரில் எனக்குத் தெரிந்த வீட்டுப் பையன் அப்போதுதான் சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினான். இரண்டு வருஷத்தில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போய்விட்டான். மிஞ்சியது இரண்டு படுக்கையறை, எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா, வெட்டவெளியில் முயல் விரட்டப் பிறந்த ஒரு ஜீவன். பால்கனியில் நாலடி போகும், திரும்பும். நாலடி போகும், திரும்பும். (எனக்கு நாய் என்றால் பயம். இதற்குப் பயப்பட முடியவில்லை.) விலா எலும்பு தெரிகிறது, பட்டினி போடுகிறார்கள் என்று மாடி வீட்டில் புகார். அந்த ஜாதியின் உடல்வாகே அப்படி என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை.

ஸ்பெயினில் நாய் எல்லை தாண்டுகிறது, மனிதன் தங்கிவிடுகிறான். இங்கே மனிதன்தான் ஏற்றுமதி. பையன் ராத்திரியில் போன் செய்வான், பணம் அனுப்புவான், "அதை மட்டும் கொடுத்துடாதப்பா" என்பான். கொடுக்காதே என்று பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சொல்வதும் ஒரு வகைக் கைவிடல்தான் என்று எனக்குப் பட்டது. அவன் அப்பாவிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் பதில் பேசவில்லை. மறு வாரம் அடையாறில் ஊசி போட்டு, செங்கல்பட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

முதல் நாள் அவிழ்த்துவிட்டபோது ஓடவில்லையாம். நாலடி போய்த் திரும்பிற்றாம். மதில் வரை ஓட ஒன்பது நாள் ஆயிற்று என்று தோட்டக்காரர் சொன்னார்.