பெட்டி எழுதிய டைரி

ராத்திரி இரண்டே முக்காலுக்கு வரும் போனில் நல்ல சேதி இருந்ததாகச் சரித்திரம் இல்லை. 2014 மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில் எனக்கு வந்ததும் அப்படித்தான்.

"சார், சிஸ்டம் எதுவும் ஓடலை. ரிப்போர்ட் எடுக்க முடியலை. ஐ.சி.யு.லேர்ந்து போன் மேல போன் பண்றாங்க."

பேசியது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் இரவு டெக்னீஷியன். அங்கே இருந்த கம்ப்யூட்டர்களை மேய்ப்பது அப்போது என் பொறுப்பு. அவசரமாக மெயிலைத் திறந்தேன். சர்வரைக் கண்காணிக்க நானே ஒரு சாஃப்ட்வேர் போட்டிருந்தேன். மணிக்கொரு தரம் மெயில் அனுப்பும். கடைசி மெயில் 1 மணிக்கு: எல்லாம் நலம். 2 மணி மெயில் வரவேயில்லை. தூங்குகிறவனுக்கு வராத மெயிலைப் பற்றி எப்படித் தெரியும்?

நான் செய்திருந்த அசட்டுத்தனம் அப்போதுதான் உறைத்தது. கண்காணிக்கும் சாஃப்ட்வேரை, கண்காணிக்க வேண்டிய அதே சர்வரிலேயே இன்ஸ்டால் செய்திருந்தேன். காவல்காரனை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவதற்குச் சமம். வீடு எரிந்தால் அவனும் சேர்ந்து போவான். தகவல் சொல்ல ஆளிருக்காது.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சர்வர் அறைக்குள் அனல். இரண்டு ஏ.சி.யில் ஒன்றை, கரன்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் நிறுத்திவிடுவார்களாம். சர்வர் சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, டேபிள் ஃபேன் வைத்து, ஆற விட்டுப் பொத்தானை அழுத்தினேன். எழுந்துகொண்டது. நான் செய்த மொத்த வேலை அந்த ஒரு பொத்தானை அழுத்தியதுதான். அதற்கு ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கு பொட்டாசியம் 6.8 வந்திருந்தது. ஐந்தைத் தாண்டினாலே டாக்டர்கள் முகம் மாறும். இந்த அளவுக்கு இதயம் தாளம் தப்பக்கூடும். கருவியின் திரையில் தெரிந்த எண்ணை டெக்னீஷியன் துண்டுச் சீட்டில் எழுதி, போனில் இரண்டு தடவை படித்துக் காட்டி, எதிர்முனையைத் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறார். நோயாளி பிழைத்தது அந்தப் பையனின் புத்தியால். என் சாஃப்ட்வேரால் இல்லை.

மறுநாள் ஹார்டுவேர் இன்ஜினீயர் வந்தார். சர்வரின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "இதை ஏன் சார் யூஸ் பண்ணலை?" என்றார். மற்ற நெட்வொர்க் ஓட்டைகளிலிருந்து தள்ளி, தனியாக ஒன்று. வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படவில்லை.

அதன் பின்னால் இருப்பது கிட்டத்தட்ட ஒரு தனிக் கம்ப்யூட்டர். சர்வரின் மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கும் சின்னச் சில்லு. அதற்கென்று தனி பிராசஸர், தனி மெமரி, தனி நெட்வொர்க் விலாசம். சர்வரை அணைத்தாலும் இது அணையாது. பின்னால் பவர் கார்டு செருகியிருந்தால் போதும், விழித்திருக்கும். ஃபேன் சுற்றும் வேகம், உள்ளே வரும் காற்றின் சூடு, வோல்டேஜ் எல்லாவற்றையும் இது பார்க்கிறது. வீட்டிலிருந்தபடியே சர்வரை அணைக்கலாம், எழுப்பலாம், அதன் திரையைப் பார்க்கலாம். நம் வீட்டு சி.டி.யை அங்கே செருகியது போல நம்பவைத்து, விண்டோஸையே புதிதாகப் போடலாம்.

டெல் கம்பெனி இதை ஐடிராக் என்கிறது. ஹெச்.பி. வைத்த பெயர் ஐ.எல்.ஓ. விரித்தால் 'இன்டக்ரேட்டட் லைட்ஸ் அவுட்'. ஆளே தேவைப்படாத, விளக்கணைத்த அறையில் ஓடும் சர்வர் என்று அர்த்தம். ஆளுக்கொரு பாஷை பேசினால் எப்படி என்று இன்டெல், ஹெச்.பி., டெல், என்.இ.சி. நான்கும் சேர்ந்து 1998-ல் ஐ.பி.எம்.ஐ. என்று ஒரு பொதுப் பாஷை கொண்டுவந்தன.

இன்ஜினீயர் ஒரு கேபிளைச் செருகி, உள்ளே நுழைந்து, நிகழ்ச்சிக் குறிப்பைத் திறந்தார். எனக்கு வேர்த்துவிட்டது. '3-ம் எண் ஃபேன் நின்றுவிட்டது' - தேதி, 19 நாட்களுக்கு முன்னால். அதன்பின் 'சூடு எச்சரிக்கை', மறுபடி 'சூடு எச்சரிக்கை', வரிசையாக. பாவம், பெட்டி பத்தொன்பது நாட்களாக டைரி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தரும் படிக்கவில்லை.

ஒருத்தரும் என்றா சொன்னேன்? தப்பு. அறையைப் பெருக்க வந்த ஆயாம்மா, துடைப்பத்தைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொட்டி பத்து பதினஞ்சு நாளா மஞ்சளா முழிச்சிக்கிட்டிருக்கு சார். சத்தமும் முன்ன மாதிரி இல்ல, ஓன்னு கத்துது."

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"சொன்னேனே. ஆபீஸ்ல சொன்னேன். நாங்க சொன்னா யாரு கேக்குறாங்க?"

மிகச் சரியான ரிப்போர்ட். ஒரு ஃபேன் செத்தால் மிச்ச ஃபேன்கள் வேகமாகச் சுற்றும், அதனால் சத்தம். முன்பக்க விளக்கு நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும். என் சாஃப்ட்வேர் பார்க்காததை அந்த அம்மா இரண்டு கண்ணாலும் இரண்டு காதாலும் பார்த்திருக்கிறார்.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு பழைய டெஸ்க்டாப்பை ஒதுக்கி, அதில் ஸாபிக்ஸ் போட்டேன். லாட்வியாக்காரர் அலெக்ஸி விளாடிஷெவ் எழுதி 2001-ல் இலவசமாக வெளியிட்ட கண்காணிப்பு சாஃப்ட்வேர் அது. சர்வருக்குள் அதன் ஏஜென்ட். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, டேட்டாபேஸ் ஓடுகிறதா என்பதெல்லாம் உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும். சூடு, ஃபேன் சமாச்சாரங்களுக்கு அந்தச் சின்னச் சில்லு. ஒன்று குடும்பத்துக்குள்ளிருந்து சேதி சொல்லும் சொந்தக்காரன், மற்றது எதிர்வீட்டுக்காரன். இரண்டு பேரும் வேண்டும். சொந்தக்காரன் மௌனமாகி, எதிர்வீட்டுக்காரன் 'கரன்ட் இருக்கு, சூடும் இல்லை' என்றால் கோளாறு விண்டோஸில். இரண்டு பேரும் மௌனம் என்றால் கேபிளோ கரன்ட்டோ போயிருக்கிறது. போனில் எழுந்து உட்காரும்போதே பாதி வியாதி தெரிந்துவிடும்.

சொல்வது சுலபம். ஒரு முழு மத்தியானம் ஸாபிக்ஸுக்கு ஃபேன் கண்ணில் படவேயில்லை. கேபிள் சரி, விலாசம் சரி, பாஸ்வேர்டு சரி. கடைசியில் பார்த்தால், ஐ.பி.எம்.ஐ. விசாரிக்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று செட்டிங்கில் ஒரு வரி. கம்பெனி போட்டு அனுப்பும் எண் பூஜ்யம். ஆளே அனுப்பாமல் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறேன். பூஜ்யத்தை 1 ஆக்கினேன். ஃபேன்கள் வரிசையாக வந்து உள்ளேன் ஐயா என்றன.

அடுத்த தப்பு, எல்லாவற்றுக்கும் மெயில் கேட்டது. முதல் வாரம் நாளுக்கு முன்னூறு. மூன்றாம் நாளே அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டேன். ஆபீஸில் ஆயாம்மாவுக்கு நடந்ததையே நானும் மெஷினுக்குச் செய்திருக்கிறேன் என்று புரிய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் ஒரே விதி வைத்தேன்: என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தகுந்ததா? ஆம் என்றால் மட்டும் எஸ்.எம்.எஸ். தினமும் காலை 8 மணிக்கு ஸாபிக்ஸே 'உயிரோடிருக்கிறேன்' என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். வராவிட்டால் அதுதான் சேதி.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சின்னச் சில்லிடம் மொத்த வீட்டுச் சாவியும் இருக்கிறது. டெல் சர்வர்களில் பல வருஷம் பயனர் பெயர் 'ரூட்', பாஸ்வேர்டு 'கால்வின்' என்றே வந்துகொண்டிருந்தது. உலகத்துக்கே தெரியும். ஹெச்.பி.யின் ஐ.எல்.ஓ. 4-ல் 2017-ல் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். கோரிக்கையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 29 தடவை 'ஏ' போட்டு அனுப்பினால், பாஸ்வேர்டே கேட்காமல் கதவைத் திறந்துவிடும்! கம்பெனி அதே வருஷம் மருந்து கொடுத்துவிட்டது. எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்களா என்பது வேறு விஷயம். எனவே பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். அந்தக் கேபிளை இன்டர்நெட்டுக்கு நேராகக் காட்டாதீர்கள், உள் நெட்வொர்க்கோடு நிற்கட்டும்.

அடுத்த வருஷக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எஸ்.எம்.எஸ். வந்தது: 'உள்வரும் காற்று 36 டிகிரி.' சர்வர் ஏஜென்ட்டைக் கேட்டால் எல்லாம் நலம் என்கிறது. போன் செய்தேன். ஏ.சி. டிரிப் ஆகியிருந்தது. பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு ரிப்போர்ட்கூடத் தாமதமில்லை.

மறுநாள் போனபோது ஆயாம்மா துடைத்துக்கொண்டே கேட்டார்: "பொட்டி இப்பல்லாம் உங்களுக்குப் போன் பண்ணுதாமே சார்?"

"ஆமாம்மா."

"பரவால்லையே. அது சொன்னா உடனே கேக்குறீங்க."

அன்றைக்கே அறைக்கதவில் என் செல் நம்பரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.